சாவி வீட்டில் இருக்கும்வரை வண்டி நிற்காது

வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம் பக்கத்து ஆட்கள் லீவு முடிந்து கிளம்பும்போது சொந்த வண்டியைப் பற்றி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள். நான் இங்கே இருக்கப்போவதில்லை, கார் செட்டுக்குள் நிற்கப்போகிறது, நிற்கிற வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ், எதற்கு புகை சர்டிபிகேட், அடுத்த லீவுக்கு வரும்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று. துபாயில் நான் இருக்கிற ஏரியாவில் மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி, திசையன்விளை, வள்ளியூர் என்று திருநெல்வேலிச் சீமையின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் உண்டு. லீவு நாளில் கூடினால் வீட்டு வேலை, நிலம், பிள்ளைகள் படிப்பு என்று எல்லாப் பேச்சும் வரும், ஊரில் நிற்கிற வண்டியின் பேப்பர் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டார்கள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சாவி வீட்டில் இருந்தால் வண்டி ஓடும். நம் ஊரில் அது ஓடாமல் இருக்க வழியே கிடையாது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று செய்தி வந்தால் மச்சினன் வந்து கேட்பான். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போக பெரியப்பா வீட்டில் ஆள் கூடுதலாக இருக்கும், உங்கள் காரையும் எடுப்பார்கள். பக்கத்து வீட்டில் ஒருத்தருக்கு ராத்திரி நெஞ்சு வலித்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போக முதலில் கதவைத் தட்டுவது கார் நிற்கிற வீட்டைத்தான். அந்த நேரத்தில் அம்மாவோ மைனியோ, "இல்ல தம்பி, இன்சூரன்ஸ் முடிஞ்சிருக்கு"ன்னு சொல்வார்களா? சொல்லவும் கூடாது. ஆகவே வண்டி தினமும் ரோட்டில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டுதான் அதன் பேப்பர்களை உயிரோடு வைத்திருக்க வேண்டும், நாம் எந்த நாட்டில் இருந்தாலும்.

சட்டப்படி பார்த்தால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, 146ஆம் பிரிவு, பொது இடத்தில் வண்டியைப் பயன்படுத்தினால் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் அடிபடுகிற அடுத்தவருக்கான இன்சூரன்ஸ், கட்டாயம் என்கிறது. காம்பவுண்டுக்குள் பூட்டிக் கிடந்தால் வேறு பேச்சு. ஆனால் எத்தனை வீட்டில் கார் காம்பவுண்டுக்குள் நிற்கிறது? மேலப்பாளையம் மாதிரி நெருக்கமான தெருக்களில் பாதி வண்டி வாசலில்தான் நிற்கும், அது தெருதானே. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். இடித்து ஒருவருக்கு அடிபட்டால்தான் விஷயமே.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் சவூதியில் இருக்கிறார், ஊர் பணகுடி பக்கம். அவருடைய பைக்கை உறவுக்காரப் பையன் எடுத்துக்கொண்டு போன இடத்தில் ரோட்டைக் கடந்த ஒரு பெரியவர் மேல் மோதிவிட்டது. இன்சூரன்ஸ் முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. விபத்து வழக்கு நோட்டீஸ் ஓட்டிய பையன் பெயருக்கு மட்டுமா வந்தது, ஆர்சி என்கிற பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயருக்கும் வந்தது. இன்சூரன்ஸ் இருந்திருந்தால் கம்பெனி பார்த்திருக்க வேண்டிய இழப்பீடு அவர் தலையில் வந்து நின்றது. அந்த அண்ணன் போனில் என்னிடம் பேசும்போது வண்டியைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை, "அந்தப் பெரியவரு கால ஊன முடியாம கெடக்காராம்ல, அவருக்குக் குடுக்கறதுக்கு ஒரு கம்பெனி இல்லாமப் போச்சே"ன்னுதான் சொன்னார். இன்சூரன்ஸை நான் அதற்குப் பிறகு அப்படித்தான் பார்க்கிறேன். அது ரோட்டில் நடந்து போகிறவருக்காக நாம் எடுத்து வைப்பது.

செலவு என்று பார்த்தால் 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரை உள்ள பைக்குக்கு தேர்ட் பார்ட்டி வருடத்துக்கு 714 ரூபாய், 1,000 சிசிக்குள் உள்ள காருக்கு 2,094, 1,500 சிசி வரை 3,416. ஜிஎஸ்டி தனி. இங்கே ஒரு மாதத்துக்குப் போன் ரீசார்ஜுக்கும் டீக்கும் போகிற காசு.

இதில் ஒரு விஷயத்தில் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். 2018 செப்டம்பரில் இருந்து புதுக் கார் வாங்கினால் 3 வருடத்துக்கும், புது பைக் வாங்கினால் 5 வருடத்துக்கும் சேர்த்தே தேர்ட் பார்ட்டி எடுக்க வேண்டும். அதனால் "நமக்கு அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது அடுத்தவருக்கான பாகம் மட்டும்தான். நம் வண்டிக்கான பாகம், ஓன் டேமேஜ் என்பது, பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். பாலிசியை எடுத்து இரண்டு தேதியையும் தனித்தனியாகப் பாருங்கள்.

நிற்கிற வண்டிக்கு ஓன் டேமேஜ் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைவுபடுத்தினால் போதும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் என்று ஊருக்குள் வந்தது. அன்றைக்கு நனைந்த கார்களில் எத்தனையோ கார்கள் ஓடாமல் வீட்டில் நின்ற கார்கள். நிற்கிற கார் மேல்தான் தண்ணீர் வந்தது, ஓடுகிற காராக இருந்தால் மேட்டுக்காவது கொண்டு போயிருப்பார்கள். வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. வீட்டில் இருப்பவர்களிடம் இதையும் சொல்லி வைக்க வேண்டும்: தண்ணீர் புகுந்த காரை யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் இழுத்து உடைந்தால், தனியாக இன்ஜின் கவர் எடுக்காத பாலிசியில் அதைக் கம்பெனி தட்டிக் கழிக்கும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, டோ பண்ணித்தான் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போக வேண்டும்.

ரினிவல் தேதிக்கு முன்னாலேயே என்றால் துபாயில் உட்கார்ந்துகொண்டே ஆன்லைனில் கட்டிவிடலாம். தேதி தாண்டிவிட்டால் ஓன் டேமேஜுக்கு வண்டியை இன்ஸ்பெக்ஷன் செய்யக் கேட்பார்கள், ஊரில் ஒருத்தர் நின்று நாலு பக்கமும் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். 90 நாளும் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி, போய்விடும். தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் வைத்திருந்தால் அது 50 சதவீதம்வரை வரும், அதை மறுபடி பூஜ்யத்தில் இருந்து சேர்க்க வேண்டியிருக்கும்.

சரி, இப்போது ஆர்சி. துபாயில் முல்கியாவை, அதாவது அந்த ஊர் ஆர்சியை, வருடா வருடம் புதுப்பித்தே ஆக வேண்டும். இன்சூரன்ஸ் இல்லையென்றால் முல்கியா கிடையாது, ஃபைன் பாக்கி இருந்தால் கிடையாது, மூன்று வருடம் தாண்டிய வண்டி என்றால் டெஸ்டிங்கில் காட்டாமல் கிடையாது. இன்சூரன்ஸையே 13 மாதத்துக்குத் தருகிறார்கள், புதுப்பிக்க ஒரு மாதம் கூடுதலாக இருக்கட்டும் என்று. ஒன்றோடு ஒன்றைக் கட்டி வைத்திருப்பதால் மறக்கவே முடியாது. நம் ஊரில் தனியார் வண்டிக்கு ஆர்சி 15 வருடம், வரியும் ஆயுள் வரியாக முதலிலேயே கட்டியாகிவிட்டது. நடுவில் யாரும் நம்மைக் கூப்பிட்டு எதுவும் கேட்பதில்லை. துபாயில் எல்லாத் தேதியையும் சரியாக வைத்திருக்கிற அதே ஆள் ஊர் வண்டியில் கோட்டை விடுவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

2010, 2011இல் முதல் சம்பளத்தில் வாங்கி அப்பாவுக்குக் கொடுத்த வண்டிகளுக்கெல்லாம் இப்போது அந்தப் 15 வருடம் முடிகிற காலம். ஆர்சி புக்கில் பதிவுத் தேதியைப் பாருங்கள். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து படிவம் 25 போட்டுப் புதுப்பிக்கலாம், ஐந்து வருடம் கூடும். இதற்கு வண்டியை ஆர்டிஓ ஆபீஸுக்குக் கொண்டு போய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் நேரில் காட்டி எஃப்சி என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும், இதை ஆன்லைனில் முடிக்க முடியாது. இன்சூரன்ஸும் புகை சர்டிபிகேட்டும் உயிரோடு இருக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து புதுப்பிக்கும் கட்டணம் பைக்குக்கு 1,000, காருக்கு 5,000 ஆகிவிட்டது. 20 வருடம் தாண்டிய வண்டிக்கு இதைவிடக் கூடுதல். தாமதம் என்றால் பைக்குக்கு மாதம் 300, காருக்கு மாதம் 500 ஏறிக்கொண்டே போகும். இரண்டு வருடம் கழித்து லீவில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காருக்கு அதுமட்டுமே 12,000. அதுவும் போக, ஆர்சி முடிந்த வண்டியை ரோட்டில் இறக்குவதே குற்றம், முதல் தடவைக்கே 5,000 ரூபாய்வரை அபராதம் உண்டு. தேதி உங்கள் லீவுக்கு நடுவில் விழாது என்று தெரிந்தால் ஊரில் இருக்கிற யாராவது ஒருத்தரை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான், ஆனால் தென்காசி வண்டிகளின் டிஎன் 76 நம்பர் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே உண்டு. ஆகவே மாவட்டம் பிரிந்ததால் நம்பர் மாறிவிடுமோ, எந்த ஆபீஸுக்குப் போக என்று குழம்ப வேண்டாம், திருநெல்வேலிக்கு டிஎன் 72, தென்காசிக்கு டிஎன் 76 பழையபடிதான்.

புகை சர்டிபிகேட் சின்ன விஷயம், பெட்ரோல் பங்கிலேயே எடுத்துவிடலாம். பிஎஸ்4, பிஎஸ்6 என்ற புகை அளவு விதிப்படி வந்த வண்டிகளுக்கு ஒரு வருடம், அதற்கு முந்தையதுக்கு ஆறு மாதம். சட்டத்தில் அபராதம் 10,000 வரை இருக்கிறது என்பதை மட்டும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

லைசன்ஸ் விஷயம்தான் வெளிநாட்டில் இருக்கிறவர்களை அதிகம் அடிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயதுவரை, 30இல் இருந்து 50க்குள் என்றால் 10 வருடம், 50இல் இருந்து 55க்குள் என்றால் 60 வயதுவரை, அதற்கு மேல் ஐந்தைந்து வருடம். முடிவதற்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்கலாம் என்பது நிறைய பேருக்குத் தெரியவில்லை. இந்த லீவில் வந்திருக்கிறீர்கள், லைசன்ஸ் அடுத்த வருடம் நடுவில் முடிகிறது என்றால் இப்போதே போய்ப் புதுப்பித்துவிட்டுப் போங்கள், 40 வயது தாண்டியவர்கள் மருத்துவர் சான்றும் கொண்டு போக வேண்டும். முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டால் திரும்ப எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும், இருபது வருடமாக ஓட்டுகிறேன் என்று சொல்லி பிரயோஜனம் இல்லை. அதோடு, பாலிசியில் நமக்காக எடுக்கிற 15 லட்சம் ரூபாய் விபத்து கவர் செல்ல வேண்டுமென்றால் ஓட்டுகிற உரிமையாளர் கையில் உயிருள்ள லைசன்ஸ் இருக்க வேண்டும். வளைகுடா லைசன்ஸ் கார்டை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான்குவழிச் சாலையில் ஓட்டுகிறவர்களை நான் பார்க்கிறேன். அந்த கார்டு மட்டும் நம் ஊரில் செல்லாது.

யார் ஓட்டலாம், யார் ஓட்டக்கூடாது என்பதை வாயால் சொல்லாமல் விட்டுவிட்டுப் போகவே கூடாது. வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பையன் இருப்பான். அக்கா மகனாக இருக்கும், டியூஷனுக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போவான், வீட்டில் எல்லாருக்கும் பெருமையாகவும் இருக்கும். 18 முடியாத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோ 3 வருடம்வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசன்ஸ் கிடையாது. லைசன்ஸ் இல்லாத பெரியவர்கள் ஓட்டி விபத்தானாலும், அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லும் நீதிமன்றம், கம்பெனி பிறகு அந்தப் பணத்தை உரிமையாளரிடம் வசூலிக்கும். துபாயில் வெயிலில் நின்று சம்பாதித்த காசு அது. அதனால் கிளம்பும் முன்பு இன்னார் இன்னார் ஓட்டலாம் என்று பெயர் சொல்லிவிடுங்கள், மருமகனிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். "ஏல மக்கா, பதினெட்டு முடியட்டும், நானே லைசன்ஸ் எடுத்துத் தாரேன்"னு மாமா நேரில் சொன்னால் கேட்பான், அம்மா சொன்னால் கேட்கமாட்டான்.

இவ்வளவையும் பார்த்துக்கொள்ள முடியாது என்று தோன்றினால் வண்டியை விற்றுவிடுவது எவ்வளவோ மேல். ஆனால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் வெறும் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடாதீர்கள், நம் பக்கம் இது சாதாரணமாக நடக்கிறது. ஆர்சியில் பெயர் மாறாதவரை சட்டத்தின் முன்னால் உரிமையாளர் நீங்கள்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது, வண்டி நாலு கை மாறியிருந்தாலும் சரி. வாங்கியவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் மாற்றக் கொடுத்த ரசீதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கார் லோன் முடிந்திருந்தால் பேங்க் என்ஓசியும் படிவம் 35ம் கொடுத்து ஆர்சியில் இருக்கிற ஹைப்போதிகேஷன் என்கிற லோன் அடமானக் குறிப்பையும் அதே லீவில் எடுத்துவிடுங்கள். அது அப்படியே இருந்தால், முழுச் சேதம் என்று கிளெய்ம் வரும்போது பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும்.

நான் வீட்டில் வைத்திருக்கிற ஏற்பாடு ரொம்பச் சாதாரணமானது. அடுப்படிச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரின் பின் அட்டையில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, கார், ஸ்கூட்டி இரண்டுக்கும் இன்சூரன்ஸ் தேதி, புகைத் தேதி, ஆர்சி தேதி, ஓட்டுகிற தம்பியின் லைசன்ஸ் தேதி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். காலண்டர் மாறும்போது அம்மா தாளை உரித்துப் புதியதில் ஒட்டிவிடுவார்கள். போனிலும் ரிமைண்டர் இருக்கிறது, ஆனால் போன் என் கையில், வண்டி அவர்கள் கையில். ஒரிஜினல் பேப்பர்கள் பீரோவில், எல்லாம் அரசின் டிஜிலாக்கர் ஆப்பிலும் இருக்கிறது, 2018இல் இருந்து அது சட்டப்படி செல்லும், தம்பி போனில் வண்டிப் பேப்பர்களைக் காட்டுகிற எம்பரிவாஹன் ஆப்பும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். வண்டி திருடு போனால் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும், ஒன்று நம் பெட்டியோடு துபாய்க்கு வந்துவிட்டால் வீண் சிக்கல்.

ஆர்சியில் பதிந்திருக்கிற மொபைல் நம்பரைச் சாகவிடக் கூடாது. சலான் வந்தால் எஸ்எம்எஸ் அதற்குத்தான் வரும், அரசின் பரிவாஹன் வெப்சைட்டில் எது செய்தாலும் ஓடிபி அதற்குத்தான். 90 நாள் ஒரு உபயோகமும் இல்லாமல் கிடந்தால் சிம்மை நிறுத்திவிடலாம் என்பது விதி. அந்த நம்பரை வீட்டில் இருப்பவர் போனில் போட்டு வைப்பதைவிட, கையோடு எடுத்துப்போய் ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருகிற மாதிரி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து, ஹெல்மெட் போடாமல் பிடிபட்ட 1,000 ரூபாய் சலானை வீட்டில் மறைத்துவிடுவார்கள். கட்டாத சலான் கிடந்தால் பின்னால் ஆர்சி வேலை எதுவும் நகராது.

வண்டியைப் பொறுத்தவரை வாரத்துக்கு ஒரு நாளாவது வெளியே எடுத்து ஓட்டச் சொல்லுங்கள், செட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து அணைப்பதில் பேட்டரிக்கு ஒன்றும் ஏறாது. ஓட்ட ஆளே இல்லையென்றால் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி டயருக்குச் செங்கல் வைக்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக்கை மாதக்கணக்கில் இழுத்து வைத்தால் பிடித்துக்கொள்ளும். உவரி, கூத்தங்குழி பக்கம் கடல் காற்று இரும்பைச் சும்மா விடாது, கீழ்த்தட்டைக் கழுவுவது முக்கியம். எலி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அப்புறம், திருவனந்தபுரம் ஏர்போர்ட். நம்மில் பாதிப் பேர் அங்கேதான் வந்து இறங்குகிறோம், இறங்குவதற்கு முந்தின நாள் "காரை எடுத்துட்டு வா"ன்னு வீட்டுக்கு ஒரு போன் போடுகிறோம். மாதக்கணக்கில் செட்டில் நின்ற கார் அன்றைக்குத்தான் நாங்குநேரி டோல்கேட்டையோ களியக்காவிளையையோ தாண்டும், கேரளாவில் 2023 ஜூனில் இருந்து ரோட்டோரக் கேமராவே அபராதம் போடுகிறது. ஆகவே டிக்கெட் போட்ட அன்றே பரிவாஹனில் வண்டி நம்பரைத் தட்டி இன்சூரன்ஸ், புகை, ஆர்சி மூன்று தேதியையும் பாருங்கள், பாஸ்டேக்கில் பேலன்ஸும் கேஒய்சியும் சரியாக இருக்கிறதா பாருங்கள், ஓட்டி வருகிற ஆளிடம் அவர் லைசன்ஸைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்று முடிந்திருந்தால் டாக்சி சொல்லிவிடுங்கள், காரை மறுநாள் போய்ச் சரிசெய்துகொள்ளலாம்.